அம்மஞ்சல்லி

'அம்மஞ்சல்லிக்குப் பிரயோஜனமில்ல!'

படிப்பு ஏறாத பிள்ளையை, வேலை வெட்டி இல்லாத மச்சினனை, ஓடாத மிக்ஸியை... எதைப் பார்த்தும் நம் தாத்தா பாட்டிகள் தயங்காமல் வீசிய வசவு இது. உங்கள் மீதும் ஒரு தடவையாவது விழுந்திருக்கும்!

அதே வீட்டில் இன்னொரு காட்சி. பீரோ சாவியைக் காணோம். அலமாரி, கட்டிலடி, சமையலறை என்று தலைகீழாகத் தேடியாச்சு. கடைசியில் பாட்டி கண்ணை மூடிக்கொண்டு, 'அரைக்காசு அம்மனே, சாவி கிடைச்சா உனக்கு வெல்லம் வைக்கிறேன்' என்று வேண்டிக்கொள்கிறாள். கொஞ்ச நேரத்தில் சாவி தலையணைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது. அம்மனுக்கு வெல்லம், அப்புறம் அது பேரப்பிள்ளைகளுக்கு!

அந்த வசவையும் இந்த வேண்டுதலையும் நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி வந்தவை. சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு செப்புக்காசு. அது புறப்பட்ட ஊர், புதுக்கோட்டை.

புதுக்கோட்டைப் பக்கம் பஸ்ஸிலோ ரயிலிலோ போயிருந்தால் அந்த மண் ஞாபகம் இருக்கும். செம்பாறை, முந்திரிக் காடு, பொட்டல், நடுநடுவே மொட்டைப் பாறைகள். வற்றாத ஆறு என்று ஒன்றுகூடக் கிடையாது. அசல் வானம் பார்த்த பூமி! விழுகிற மழையைப் பிடித்து வைக்க ஐயாயிரத்துக்கும் மேல் ஏரி, கண்மாய், ஊருணி என்று வெட்டி வைத்து, அதை நம்பியே வாழ்ந்த ஜனங்கள். பக்கத்திலேயே காவிரி பாயும் தஞ்சாவூர் பச்சைப் பசேலென்று கிடக்க, இந்தச் சீமை மட்டும் மேகத்தை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

இப்படிப்பட்ட மண்ணில் ஒரு ராஜ்யம்! 1686 வாக்கில் ராமநாதபுரத்தின் கிழவன் சேதுபதி, தன் மைத்துனர் ரகுநாதராயத் தொண்டைமானிடம் இந்தப் பகுதியை ஒப்படைத்ததில் தொடங்கிய ஆட்சி அது. மராட்டியர், நவாப், ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி மோதிக்கொண்ட காலத்தையெல்லாம் எப்படியோ தாக்குப் பிடித்து (அதற்காகத் தொண்டைமான்கள் ஆங்கிலேயரோடு கைகோத்தது தனிக் கதை, இன்றும் ஆறாத கதை!) 1948 வரை தம் கட்டியது. பிரிட்டிஷார் கிளம்பிப் போகிற நேரத்தில், இன்றைய தமிழ்நாட்டுக்குள் தலைநகரம் வைத்திருந்த ஒரே சமஸ்தானம் புதுக்கோட்டைதான். பரப்பளவு எவ்வளவு தெரியுமா? சுமார் 1,180 சதுர மைல். நிஜாமின் ஹைதராபாத் 80,000 சதுர மைலைத் தாண்டியது. அந்த யானைக்குப் பக்கத்தில் இது ஒரு எலிக்குஞ்சு!

ஆனால் அந்த எலிக்குஞ்சுக்குச் சொந்தமாக ஒரு காசு இருந்தது. அதுதான் அம்மன் காசு. மக்கள் வாயில் அம்மன் சல்லி. இன்னும் வேகமாகச் சொன்னால், அம்மஞ்சல்லி!

கையில் ஒன்றை வாங்கிப் பார்ப்போம். ஒரு பக்கம் ஒரு அம்மன் உட்கார்ந்திருக்கிறாள். அவள் புதுக்கோட்டை நகரத்தை ஒட்டிய திருக்கோகர்ணம் குடைவரைக் கோயிலின் பிரகதாம்பாள். திருப்பினால், தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று ஒரே ஒரு சொல். (தமிழ்ச் சீமையில் தெலுங்கு எப்படி என்று கேட்காதீர்கள். நாயக்கர் காலத்திலிருந்தே அரண்மனைகளில் தெலுங்கு செல்வாக்கான மொழி.) இந்தச் சொல் விஜயரகுநாதராயத் தொண்டைமானைக் குறிக்கிறது என்பார்கள், விஜயதசமியைக் குறிக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், ராஜாவின் முகம் காசில் எங்கேயுமே இல்லை என்பது! காசு அடிக்கிற உரிமை கிடைத்ததும் மன்னர்கள் செய்கிற முதல் வேலை, தங்கள் தலையை அதில் பொறித்துக்கொள்வதுதான். தொண்டைமான்கள் ஏன் அதைச் செய்யவில்லை?

அதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1738-ல் விஜயரகுநாதராயத் தொண்டைமான் திருவரங்குளம் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்தாராம். பிரம்மேந்திரர் பேசாத மௌன ஞானி. மன்னர் உபதேசம் கேட்டு நிற்க, அவர் குனிந்து மணலில் விரலால் எழுதிக் காட்டினாராம். மன்னர் அந்த எழுத்தைப் படித்துவிட்டுப் போய்விடவில்லை. எழுதிய மணலையே அப்படியே அள்ளித் துணியில் முடிந்து, அரண்மனைக்குக் கொண்டுவந்து பூஜையில் வைத்தார் என்பது சமஸ்தானத்தின் பரம்பரைச் செய்தி. காய்ந்த சீமையின் ராஜாவுக்குக் கிடைத்த பொக்கிஷம்கூட ஒரு பிடி மணல்தான், பாருங்கள்!

தொண்டைமான்களுக்கு பிரகதாம்பாள் குலதெய்வம் மாதிரி. நாடே அவளுடையது, தாங்கள் அவளுடைய வேலைக்காரர்கள் என்ற பாவனையில், தங்கள் பெயருக்கு முன்னால் 'ஸ்ரீ பிரகதாம்பாதாஸ்' என்று போட்டுக்கொண்டார்கள். எஜமானி அவள் என்றால் காசில் யார் முகம் இருக்க வேண்டும்? அவள் முகம்தானே! நவராத்திரி வந்தால் அரண்மனையில் அரிசி தானம் நடக்கும். அரிசியோடு அம்மன் காசும் கொடுப்பார்கள். அப்படி முதலில் தானக்காசாகக் கைக்கு வந்ததுதான் சந்தைக்கும் போய், உப்புக்கும் புளிக்கும் மாறி, சீமை முழுக்கச் சுற்றியது.

சரி, அதன் மதிப்பு? இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

அந்தக் காலத்து ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. ஆக, ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. பிரிட்டிஷ் இந்தியாவின் ஆகச் சின்னக் காசு இந்தத் தம்பிடிதான். 'தம்பிடி பெயராது' என்று கஞ்சர்களைச் சொல்வது இதை வைத்துத்தான்.

அம்மன் காசோ, ஒரு அணாவுக்கு 20! அதாவது ஒரு ரூபாய்க்கு 320. தம்பிடிக்கும் கீழே! ஆகச் சின்னதைவிடச் சின்னது!

வசவு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? 'தம்பிடிகூடப் பெறாது' என்று திட்டியும் ஆத்திரம் தீராதவனுக்கு, அதற்கும் கீழே இறங்கக் கிடைத்த படிக்கட்டுதான் அம்மஞ்சல்லி!

ஆனால் இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கையில் காசு உள்ளவனுக்குத்தான் சின்னக்காசு கேலி. நாள் முழுக்க வெயிலில் வேலை செய்து காலணா கூலி பார்க்கிறவனுக்கு, அந்தக் காலணாவை ஐந்தாகப் பிரித்துச் செலவு செய்ய முடியும் என்பது பெரிய விஷயம். இன்றைக்குக் கொஞ்சம் உப்பு, நாளைக்குக் கொஞ்சம் வெற்றிலை. மழை பொய்த்த ஊரில் வாழ்க்கையையே அப்படித் துண்டு துண்டாகத்தான் வாங்க முடியும். பெரிய ராஜ்யத்தின் காசில் அந்தத் துண்டுக்கு இடமில்லை.

ஆரம்பத்தில் இந்தக் காசுகள் உள்ளூரில், கையால் அடிக்கப்பட்டவை. ஒன்று கோணல், ஒன்று மாணல். சிலவற்றில் அம்மனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்! பிறகு திவான் சேஷையா சாஸ்திரி வந்தார். திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878-ல் இங்கே வந்தவர். நகரத்தைச் சீர் செய்தார், குளங்களைச் செப்பனிட்டார். அவர் காலத்தில் அம்மன் காசுக்கும் விடிவு பிறந்தது. 1889-லிருந்து காசு அடிக்கும் வேலை எங்கே போனது தெரியுமா? இங்கிலாந்தின் பர்மிங்ஹாமுக்கு! உலகத்தில் பல நாடுகளுக்குக் காசு அடித்துக் கொடுத்த ஹீட்டன் கம்பெனியின் இயந்திரங்களில் திருக்கோகர்ணத்து அம்மன் அச்சேறினாள். ஆவி பறக்கும் இயந்திரத்தை ஓட்டிய ஆங்கிலேயத் தொழிலாளி, 'யாரம்மா நீ' என்று ஒருமுறையாவது உற்றுப் பார்த்திருக்க மாட்டாரா? மூட்டை மூட்டையாகக் கடல் கடந்து, ஆயிரக்கணக்கான மைல் பிரயாணம் செய்து வந்து சேர்ந்தது, 320 கொடுத்தால்தான் ஒரு ரூபாய் என்கிற காசு!

மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானோ எதிர்த்திசையில் கப்பலேறினார். 1915-ல் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். வெள்ளைக்கார அரசு அந்த ராணியை ஏற்கவில்லை, அவர் பெற்ற மகனுக்குப் பட்டமும் இல்லை என்றது. மன்னர் வெளிநாட்டிலேயே தங்கி 1928-ல் பாரிஸில் இறந்துபோனார். ஆறு வயதுச் சிறுவன் ராஜகோபாலத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்தார். இத்தனை களேபரத்திலும் புதுக்கோட்டைச் சந்தையில் ஒரு காசைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. காசில்தான் எந்த ராஜாவின் முகமும் இல்லையே!

முகம் என்றதும், இதே மண்ணில் கிடைத்த வேறு சில காசுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

1898. ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சி என்ற கிராமம். மண்ணுக்கடியிலிருந்து ஒரு பானை வெளிவருகிறது. உள்ளே 501 தங்கக் காசுகள். அத்தனையும் ரோமாபுரிக் காசுகள்! அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பேசியன் வரை பேரரசர்களின் முகங்கள். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தையவை. இந்தியப் பண்டங்களுக்காக ரோமாபுரியின் தங்கமும் வெள்ளியும் வருஷா வருஷம் கொட்டிப் போகிறதே என்று அந்த ஊர் அறிஞர் பிளினி புலம்பி வைத்திருக்கிறாரே, அந்தப் பணத்தின் ஒரு துளிதான் இந்தப் பானைக்குள் இருந்தது. அந்தக் காலத்தில் இந்த வறண்ட சீமைக்குள் இவ்வளவு தங்கத்தை யார் கொண்டுவந்தார், யாருக்குப் பயந்து புதைத்தார், ஏன் திரும்பி வந்து எடுக்கவில்லை... பானை வாய் திறக்கவில்லை.

இதைவிடப் பெரிய மர்மம், அந்த முகங்கள். பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு! பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணய நிபுணர் ஜார்ஜ் ஹில் அதே 1898-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தேய்ந்த காசுகள் மறுபடி செலாவணிக்குப் போகாமல் இருக்க இங்குள்ளவர்களே வெட்டியிருக்கலாம் என்பது அவர் ஊகம். உள்ளே அசல் தங்கம்தானா என்று பார்க்க வெட்டினார்கள் என்பது இன்னொரு கட்சி. அந்நிய ராஜாவின் தலை நம் ஊரில் செல்லாது என்று காட்டினார்கள் என்பது மூன்றாவது கட்சி. காரணம் எதுவானாலும் சரி, ரோமாபுரியின் மகா சக்கரவர்த்திகள் புதுக்கோட்டைப் பக்கம் வந்து முகத்தில் வெட்டு வாங்கியிருக்கிறார்கள்!

அந்தப் புதையலின் காசுகள் லண்டனுக்குப் போய், பிரிட்டிஷ் மியூசியத்தில் இடம் பிடித்தன. ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் அவற்றைப் பற்றி எழுதுகிறார்கள். ஆனால் 501 தங்கக் காசுகள் தமிழன் நாக்கில் ஒரு பழமொழியைக்கூட விட்டுப்போகவில்லை. ரூபாய்க்கு 320 என்று விற்ற செப்புக்காசுதான் விட்டுப்போனது!

இந்த இடத்தில் ஒரு புது விளையாட்டைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. சம்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

2000-ம் வருஷம் மே மாதம், அமெரிக்க அரசு ஒரு காரியம் செய்தது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் மூலம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஜி.பி.எஸ். வசதியில், பொதுமக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே வைத்திருந்த கலங்கலை நீக்கிவிட்டது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் புத்தகம், பீன்ஸ் டப்பா என்று சில சாமான்களைப் போட்டு, காட்டோரமாகப் புதைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை மட்டும் அறிவித்தார். 'முடிந்தால் கண்டுபிடியுங்கள்' என்பது விளையாட்டு. சில நாளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்! ஜியோகேச்சிங் என்ற பெயரில் இது உலகம் பூராவும் பரவியது.

அடுத்த வருஷமே இதில் ஒரு புதுமை சேர்ந்தது. எண் பொறித்த உலோக வில்லைகளும் காசுகளும் வந்தன. ஒரு பெட்டியில் அதைக் கண்டெடுப்பவர் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த ஊருக்கு எடுத்துப்போய் இன்னொரு பெட்டியில் போட வேண்டும். அந்த எண்ணை வைத்து, வில்லை எந்தெந்த நாட்டைச் சுற்றுகிறது என்று அனுப்பியவர் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். வரைபடத்தில் புள்ளியாகக்கூடத் தெரியாத ஊர்க்காரர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. பாலைவனத்து ஓரத்தில் நாலே நாலு வீடுள்ள ஒரு குடியிருப்பின் பெயரை ஒரு வில்லையில் பொறித்து அனுப்பிவிட்டால் போதும். அந்த ஊருக்கு யாரும் வராவிட்டாலும் ஊரின் பெயர் உலகம் சுற்றும்!

யோசித்துப் பாருங்கள். கருக்காக்குறிச்சிப் பானை, யாரோ புதைத்து, இடத்தை யாருக்கும் சொல்லாமல் போன பெட்டி. அம்மன் காசு, கையிலே தங்காமல் அடுத்தவர் கைக்குப் போய்க்கொண்டே இருந்த வில்லை. காய்ந்த ஒரு சின்னச் சீமை, தன் அம்மனின் முகத்தைப் பொறித்து ஊர் சுற்ற அனுப்பிய வில்லை!

அந்தப் பயணம் ஒருநாள் முடிந்தது. 1948 மார்ச் மாதம் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்தது. 26 வயதைத் தொடாத ராஜகோபாலத் தொண்டைமான் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். புதுக்கோட்டை, திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியானது. (தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14, பொங்கல் நாளன்று. கலெக்டர் ஆபீஸுக்கு இடம் வேண்டுமே? மன்னரின் அரண்மனைதான் கலெக்டர் அலுவலகம் ஆனது!) தனி ராஜ்யம் போனதும் தனிக்காசும் போனது. அம்மன் காசு, நிஜமாகவே செல்லாக்காசு!

செம்புக்கு எடை போட்டு உருக்கப்பட்டவை எத்தனையோ. மிஞ்சியவை நாணயம் சேகரிப்பவர்களின் ஆல்பத்துக்கும் மியூசியத்துக்கும் போயின. திருக்கோகர்ணத்திலேயே 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அப்படியே அங்கேயும் ஒரு எட்டு போய்வரலாம்.

ஆனால் காசு போனாலும் அதன் இரண்டு பக்கமும் போகவில்லை.

ஒரு பக்கம் வசவாக மாறியது. சமஸ்தானத்தின் எல்லையைத் தாண்டி, அந்தக் காசைக் கண்ணால் பார்த்தே இராத மதராஸ்காரர்கள் வாயிலும், சினிமா வசனங்களிலும், குடும்பச் சண்டைகளிலும் அம்மஞ்சல்லி உருண்டது. சொன்னவர்களுக்கும் அது ஒரு ஊரின் காசு என்று தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது.

இன்னொரு பக்கம் வேண்டுதலாக மாறியது. சின்னக்காசில் இருந்தவள் என்பதால் பிரகதாம்பாளுக்கு அரைக்காசு அம்மன் என்று பெயர். முன்னொரு காலத்தில் எதையோ தொலைத்த மன்னர் அவளை வேண்டிக்கொள்ள, பொருள் திரும்பக் கிடைத்தது என்றும், அந்த நன்றிக்குத்தான் அவள் உருவத்தைக் காசில் பொறித்தார் என்றும் ஜனங்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அன்றிலிருந்து தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற இலாகா அவளுடையது! சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூரை ஒட்டிய ரத்தினமங்கலத்தில்கூட அரைக்காசு அம்மனுக்கு ஒரு கோயில் எழும்பிவிட்டது. அடையாள அட்டையைத் தொலைத்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரரும் அங்கே வெல்லத்தோடு நிற்கலாம். அம்மன் ஆள் பார்ப்பதில்லை.

மதிப்பு இல்லாததற்கு உதாரணமும் அவள் காசுதான். மதிப்புள்ளதைத் தொலைத்துவிட்டுத் தவிக்கும்போது கூப்பிடுவதும் அவளைத்தான்! நாம் பாட்டுக்குக் காலையில் ஒன்றைச் சொல்லித் திட்டுகிறோம், சாயங்காலம் மற்றதைச் சொல்லிக் கும்பிடுகிறோம்.

பெரிய சாம்ராஜ்யங்களுக்கு நினைவுச்சின்னம் வைக்க ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது. மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு, காலணாவை ஐந்தாகப் பிரித்துப் பிழைத்த ஒரு சின்னச் சீமையின் ஜனங்களுக்கு யார் வைப்பார்கள்? அவர்கள் கையில் புழங்கித் தேய்ந்த அந்தக் காசின் பெயர்தான் அவர்களுக்கு மிஞ்சிய நினைவுச்சின்னம். அதுவும் தாத்தா பாட்டிகளோடு கொஞ்சம் கொஞ்சமாக வழக்கொழிந்து வருகிறது. இந்தக் காலத்துப் பிள்ளையிடம் 'அம்மஞ்சல்லி' என்றால், 'அது என்ன ஜல்லி?' என்று கேட்கிறான்!

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை அந்த வசவு உங்கள் காதில் விழுந்தால், அல்லது தொலைந்த சாவி கிடைத்து நீங்கள் வெல்லத்தைக் கிள்ளி வைத்தால், பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளிடம் இந்தக் காசின் கதையையும் சொல்லி வையுங்கள். விளையாட்டின் விதி ஞாபகம் இருக்கிறதல்லவா? கிடைத்ததை நாமே வைத்துக்கொள்ளக் கூடாது!